ஏழாம் அத்தியாயம்: ஜூரோங்கில் ஒரு கூட்டு நடை

தெருவில் நடமாடும் ஜனங்களைப் படம் பிடிப்பது ஒருவன் தனியே செய்யவேண்டிய காரியம் என்பதும், நாலு பேர் சேர்ந்தால் அது கெட்டுவிடும் என்பதும் இந்தக் கலையில் ஊறியவர்கள் பலருடைய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் பாதி சரி. பத்துக் காமிராக்கள் ஒரே சமயத்தில் ஒரு மீன்காரரை நோக்கித் திரும்பினால், அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எது நடந்தாலும், நாம் பார்க்க வந்த மனிதர் அங்கே இல்லாமற் போய்விடுகிறார். ஆனால் அதே பத்துப் பேர், ஒரே சந்தைக்குள் ஒரே காலை வேளையில் ஆளுக்கொரு வழியாகப் பிரிந்து சென்று, தத்தம் கண்ணுக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, பிறகு ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து அவற்றைப் பார்ப்பார்களேயானால், தனியே அலைந்தவன் பல வருஷங்களில் தட்டுத் தடுமாறிக் கற்கும் பாடத்தை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ள வழி பிறக்கிறது. நடப்பது தனித்தனியே, பார்ப்பது எல்லோரும் சேர்ந்து என்ற அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதையே இந்த அத்தியாயத்தில் விவரிக்கப் போகிறேன்.

எந்த ஆசிரியரின் வழியில்?

கூட்டு நடைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் நம்மோடு நடக்கவேண்டும் என்பதில்லை. இன்று இன்னாருடைய முறைப்படி நடக்கிறோம் என்று முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டு புறப்பட்டால் போதும். எதை எடுப்பது என்ற குழப்பம் அதனால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எதை எடுக்காமல் விடுவது என்ற தெளிவும் உண்டாகும். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நான் சிபாரிசு செய்யும் ஆசிரியர், 1908 முதல் 2004 வரை வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன்.

அவர் முதலில் ஓவியம் பயின்றவர். ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் அவர் கற்ற ரேகாகணித ஒழுங்கு, பின்னாளில் அவர் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் எலும்புக்கூடாக நின்றது. 1932-இல் கைக்கு வந்த லைக்கா என்ற சிறு காமிராவையும், அதில் பொருத்திய 50 மில்லிமீட்டர் லென்ஸையும் கொண்டே அவர் உலகத்தின் பெரும்பகுதியைப் பார்த்தார். பளபளக்கும் உலோகப் பாகங்கள் பிறர் கண்ணை உறுத்தாதிருக்க அவற்றின்மீது கறுப்பு நாடாவை ஒட்டினார். பிளாஷ் வெளிச்சத்தை அவர் விரும்பியதில்லை. எடுத்த படத்தைப் பிறகு ஓரம் வெட்டிச் சரிக்கட்டும் வழக்கமும் அவருக்கு இல்லை. புகழ்பெற்ற ஓரிரு படங்களே இதற்கு விலக்கு. அவருடைய கொள்கையை ஒரு வாக்கியத்தில் சொல்வதானால், ஒரு காட்சியின் அர்த்தமும் அதன் உருவ அமைப்பும் ஒன்றாகக் கூடும் க்ஷணம் ஒன்று உண்டு, அந்த க்ஷணத்துக்கு முன்னும் எடுக்கக்கூடாது, பின்னும் எடுக்கக்கூடாது என்பதாகும். 1952-இல் வெளிவந்த அவருடைய பெரும் நூல் இந்தக் கொள்கையையே உலகறியச் செய்தது.

தமிழர்களாகிய நமக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். அவருடைய முதல் மனைவி ரத்னா மோகினி, பத்தேவியாவில் பிறந்த நாட்டியக் கலைஞர். நம்முடைய கடலுக்கு அக்கரையிலுள்ள ஜாவாவைச் சேர்ந்தவர். காந்தியடிகளை 1948 ஜனவரி 30-ஆம் தேதியன்றே சந்தித்துவிட்டு வெளியே வந்த சிறிது நேரத்தில் அவர் சுடப்பட்ட செய்தியைக் கேட்டவர் பிரஸ்ஸோன். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி ரமண மகரிஷி உடலை நீத்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதக் கடைசியில் புதுச்சேரிக்குச் சென்று, நெடுங்காலம் எந்தக் காமிராவுக்கும் முன் அமராதிருந்த ஸ்ரீ அரவிந்தரைப் படம் பிடித்தார். அவருடைய படங்களில் தமிழ்நாட்டுச் சூரிய வெளிச்சம் விழுந்திருக்கிறது என்ற நினைவோடு அவற்றைப் பார்ப்பது தமிழ் மாணவர்களுக்குத் தனி உற்சாகம் தரும்.

சிங்கப்பூரிலேயே ஓர் ஆசிரியர் வேண்டுமென்பவர்கள் யிப் சியோங் ஃபன் என்பவருடைய படங்களைத் தேடிப் பார்க்கலாம். 1903-இல் பிறந்து 1989-இல் மறைந்த இவர், கடற்காட்சிகளுக்குப் பெயர் பெற்றவர். விடியற்காலைப் படகோட்டியை அவர் 1957-இல் எடுத்த படம் இந்நாட்டில் பிரசித்தம். 1984-இல் அரசாங்கம் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. சைனாடவுன் தெருக்களில் அவர் எடுத்த படங்கள், இப்போது இல்லாத ஒரு வாழ்க்கையின் சாட்சிகளாக இருக்கின்றன. பிரஸ்ஸோனிடம் அமைப்பைக் கற்ற பிறகு இவரிடம் அன்பைக் கற்கலாம் என்பது என் எண்ணம்.

தனியே நடந்தவரைக் கூட்டு நடைக்கு ஆசிரியராக்குவது பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். பிரஸ்ஸோன் 1947-இல் ராபர்ட் கேப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ராட்ஜர் ஆகியோருடன் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பை நிறுவினார். அதன் அங்கத்தினர்கள் வெவ்வேறு கண்டங்களில் தனித்தனியே வேலை செய்தார்கள். படங்களைப் பொறுக்குவதும், அவற்றின் உரிமையைக் காப்பதும், ஒருவர் குறையை ஒருவர் எடுத்துச் சொல்வதும் பொதுவாக நடந்தன. பெரிய அளவில் அவர்கள் செய்ததைச் சிறிய அளவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாம் செய்யப் பார்க்கிறோம்.

ஜூரோங்கில் ஏன் தொடங்கவேண்டும்?

சிங்கப்பூரில் தெருப்படம் என்றவுடனே எல்லோரும் லிட்டில் இந்தியாவுக்கும் சைனாடவுனுக்கும் ஓடுகிறார்கள். பூச்சரங்களும், பட்டுப் புடவைகளும், வண்ணம் தீட்டிய கடைவீடுகளும் அங்கே கண்ணைப் பறிக்கின்றன. கண்ணைப் பறிப்பதுதான் தொந்தரவு. புதிதாகக் கற்பவன் நிறத்தைக் கண்டு மயங்கி, படத்தின் அமைப்பைக் கவனிக்காமலே பொத்தானை அழுத்திவிடுகிறான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மஞ்சள் இருக்கும், சிவப்பு இருக்கும், படம் இராது. ஜூரோங்கில் அப்படிப்பட்ட உதவி எதுவும் கிடைக்காது. நேர்கோடுகள், நீண்ட தாழ்வாரங்கள், மாடிப்படிகள், மேம்பாலங்கள், அவற்றினிடையே வேலைக்குப் போகும், சந்தையிலிருந்து திரும்பும், கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதர்கள்: இவ்வளவே அங்கே உண்டு. அமைப்பைத் தவிர வேறு எதையும் நம்பியிருக்க முடியாத அந்த இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்த கண், மாலையில் லிட்டில் இந்தியாவுக்குச் சென்றால் நிறத்துக்கு அடிமையாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஜூரோங் தானாக முளைத்த ஊர் அல்ல, திட்டமிட்டு எழுப்பப்பட்டது. சதுப்பு நிலமும் குன்றுகளுமாய்க் கிடந்த இந்த மேற்குப் பிரதேசத்தைத் தொழிற்பேட்டையாக்கும் வேலையை, அப்போது நிதியமைச்சராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் 1961-இல் தொடங்கினார்கள். ஆலைகள் வருமோ வராவோ என்றிருந்த ஆரம்ப வருஷங்களில் அதைக் கோவின் மடமை என்றே சிலர் அழைத்தார்கள். 1963-இல் தேசிய இரும்பு எஃகு ஆலை வந்தது. பின்னர் துறைமுகம் வந்தது. 1968-இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. ஆலைகளோடு ஆட்களும் வந்தார்கள்; அவர்களுக்கு வீடுகளும், சந்தையும், தோட்டங்களும், திறந்தவெளித் திரையரங்கும் வந்தன. 1971-இல் திறந்த பறவைப் பூங்கா 2023-இல் இங்கே மூடப்பட்டு, அதன் பறவைகள் மண்டாய்க்குச் சென்றன. இப்போது 24 கிலோமீட்டர் நீளத்தில் ஜூரோங் வட்டார ரயில் பாதை தலைக்கு மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு தலைமுறைக்குள் கட்டியதை அடுத்த தலைமுறைக்குள் மாற்றியமைக்கும் ஊர் இது. இங்கே எடுக்கும் சாமானியமான தெருப்படம்கூடப் பத்து வருஷத்தில் சரித்திர ஆவணமாகிவிடும்.

ஆட்களும் கருவிகளும்

எட்டுப் பேர் நல்ல தொகை. பத்துக்கு மேல் வேண்டாம். அதிகம் பேர் வந்தால் இரு குழுக்களாகப் பிரித்து அரை மணி இடைவெளியில் அனுப்பவேண்டும். ஒருவரை நடைத்தலைவராக நியமியுங்கள். அவருடைய வேலை படம் எடுப்பதைக் காட்டிலும் நேரத்தைக் கவனிப்பதும், யாரும் வழி தவறாதபடி பார்த்துக்கொள்வதும், பொதுமக்கள் யாராவது ஆட்சேபித்தால் முன்வந்து மரியாதையாகப் பதில் சொல்வதுமாகும். எல்லோரும் இருவர் இருவராகப் பிரியவேண்டும். புதியவரைப் பழகியவரோடு சேர்ப்பது உத்தமம். இருவரும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்கலாமே தவிர, ஒருவர் எடுத்ததையே மற்றவரும் எடுக்கக்கூடாது.

காமிரா எதுவானாலும் சரி. லென்ஸ் ஒன்றே ஒன்று. 50 மில்லிமீட்டர் இருந்தால் ஆசிரியர் வழி. 35 இருந்தால் சந்தைக்குள் சௌகரியம். ஜூம் லென்ஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள் அதை ஓரிடத்தில் நிறுத்தி நாடாவால் ஒட்டிவிடட்டும். கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் இரண்டு மடங்கு என்ற நிலையில் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் பார்வை கிடைக்கும். லென்ஸை மாற்ற முடியாதபோது கால்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. கால்கள் வேலை செய்யாத தெருப்படம் நான் கண்டதில்லை.

வெயிலில் எஃப் 8 துவாரமும் 250-இல் ஒரு பங்கு விநாடியும் போதுமானவை. முழு அளவுச் சென்சார் உள்ள காமிராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8-இல் வைத்து 3 மீட்டர் தூரத்துக்குக் குவியத்தை நிலைநிறுத்தினால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரையுள்ள யாவும் தெளிவாக விழும். அதன்பின் குவியத்தைத் தேடி நேரம் போக்கவேண்டிய அவசியமில்லை. மனிதர் அந்த எல்லைக்குள் வரும்வரை காத்திருப்பது ஒன்றே பாக்கி. சந்தைக்குள் குழல் விளக்குகளின் கீழே எடுக்கும்போது 100-இல் ஒரு பங்கு விநாடியை வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வேகமாக எடுத்தால், இங்குள்ள மின்சாரத்தின் துடிப்பு சிலசமயம் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

இவ்வூரின் புழுக்கத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எம்ஆர்டி ரயிலின் குளிரிலிருந்து வெளியே வந்தவுடன் காமிராவை எடுத்தால் லென்ஸின்மீது பனி படரும். துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பையைச் சற்றே திறந்து வைத்துக் கருவி வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருக்கவேண்டும். முதல் கோப்பியை அப்போது குடித்துவிடலாம். குடை, தண்ணீர், ஒரு சிறு துண்டு இவையும் தேவை.

மிக முக்கியமான நிபந்தனையை இறுதியாகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் காலை நேரத்துக்கு 36 படங்கள்தாம் அனுமதி. பழைய பிலிம் சுருளில் இருந்த எண்ணிக்கை அது. எடுத்ததை அழித்துவிட்டு மறுபடி எடுப்பது கூடாது. எடுத்தவுடன் திரையில் பார்ப்பதும் கூடாது. திரையைப் பார்க்கக் குனியும் அந்த இரண்டு விநாடிக்குள்தான் நமக்கு வேண்டியது நடந்து முடிகிறது.

காலை நடை

ஞாயிறு காலை ஏழே காலுக்கு லேக்சைட் எம்ஆர்டி நிலையத்தில் கூடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றே வடக்கே இருக்கும் இந்த ஊரில், வருஷம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு உதித்து ஏழு மணிக்கு மறைகிறான். உதித்த பின் நேராக மேலே ஏறிவிடுகிறான். ஒன்பது மணிக்கு ஒரு மனிதனின் நிழல் அவனுடைய உயரத்தைப்போல ஒன்றேமுக்கால் பங்கு நீளம் இருக்கும். பத்து மணிக்கு உயரத்துக்குச் சமமாகிவிடும். நண்பகலுக்குப் பிறகு ஒரு மணி அளவில் காலடியில் சுருண்டு கிடக்கும். ஆகையால் நமக்குக் கிடைக்கும் நல்ல வெளிச்சம் பத்தரை மணியோடு முடிகிறது. சோம்பலாகப் புறப்படுகிறவர்களுக்கு ஜூரோங் எதையும் கொடுப்பதில்லை.

முதல் இடம் யுங் ஷெங் சாலையிலுள்ள தாமான் ஜூரோங் சந்தையும் உணவங்காடி நிலையமும். ஈரச்சந்தையில் உடனே காமிராவை உயர்த்தவேண்டாம். ஒரு சுற்று சும்மா நடந்து வாருங்கள். முடிந்தால் கொஞ்சம் கீரையோ வாழைப்பழமோ வாங்குங்கள். மீன்கடை வரிசையில் தரை எப்போதும் நனைந்திருக்கும். மேலேயுள்ள குழல் விளக்குகள் அந்த ஈரத்தில் வெள்ளைக் கோடுகளாய் விழுந்து கிடக்கும். ரப்பர் காலணி அணிந்த கடைக்காரர் குழாயைத் திருப்பித் தண்ணீர் அடிக்கும்போது அந்தக் கோடுகள் உடைந்து, பிறகு மெல்ல ஒன்றுசேரும். அவர் மீனைத் திருப்பிப் போட்டு, வாலைப் பிடித்து, செதிலைச் சீவுகிறார். ஒரு வாடிக்கையாளர் காசை நீட்டுகிறார். அவருடைய இடது கை அதை வாங்க நீள்கிறது, வலது கையில் கத்தி நிற்கிறது. இரண்டு கைகளும் இரண்டு வேலைகளுக்கிடையே பிரியும் அந்தக் க்ஷணம் சில நிமிஷங்களுக்கு ஒரு முறை திரும்ப வருகிறது. முதல் தடவை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் தடவை நிற்கவேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மூன்றாம் தடவை எடுக்கலாம். சந்தையில் நடக்கும் வேலை திரும்பத் திரும்ப வருவது என்பதனாலேயே அது மாணவர்களுக்கு ஏற்ற பள்ளிக்கூடமாகிறது. வாங்க வருகிறவர்களுக்கு வழி விட்டு நிற்கவேண்டும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. திங்கட்கிழமையில் பல கடைகள் மூடியிருக்குமாதலால் அன்றைக்கு இந்த நடையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தையைச் சுற்றியுள்ள புளோக்குகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆலைத் தொழிலாளருக்காக நகராண்மைக் கழகம் கட்டிய வீடுகள் 1982-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கைக்கு வந்தன. பழைய புளோக்குகளில் துணி உலர்த்தும் கழிகள் சன்னல்களிலிருந்து வெளியே நீண்டு, சுவரின்மீது சாய்ந்த நிழல்களை வீசுகின்றன. பிரஸ்ஸோன் 1966-இல் அகமதாபாத்தில் வெயிலில் உலர்ந்த சேலைகளைப் படமாக்கியதை முந்திய இரவு பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, இந்தக் கழிகள் வேறுவிதமாகத் தெரியும்.

இங்கேதான் நடையின் பிரதானமான பயிற்சியைச் செய்யவேண்டும். பிரஸ்ஸோன் 1932-இல் பிரான்சின் தெற்கேயுள்ள இயேர் என்ற ஊரில் எடுத்த படத்தில், சுழன்று இறங்கும் மாடிப்படியும் அதன் இரும்புக் கைப்பிடியும் வளைந்து வளைந்து கீழே போகின்றன. தெருவோரத்தில் சைக்கிள்காரர் ஒருவர் கலங்கலாகக் கடக்கிறார். மேலே நிற்பவருக்குப் படிக்கட்டு முன்பே தயாராக இருந்தது. சைக்கிள் பின்னால் வந்தது. அதேபோல ஒவ்வொரு ஜோடியும் ஒரு மேடையைத் தேடிக்கொள்ளவேண்டும்: புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களுக்கிடையே விழும் வெயில் துண்டு, மாடிப்படியின் திருப்பம், மேல்மூடிய நடைபாதை வெட்டிக்கொள்ளும் மூலை, எதுவானாலும் சரி. அதைத் தேர்ந்ததும், மனிதர் இல்லாமலே ஒரு படம் எடுத்து, நான்கு ஓரங்களையும் சரிபார்த்துக்கொண்டு, இருபது நிமிஷம் அங்கேயே நில்லுங்கள். ஏரிக்கரைக் கொக்கைப்போல அசையாமல் நிற்பவருக்குத்தான் இங்கே இரை கிடைக்கும். முதல் ஐந்து நிமிஷம் நம்மைப் பார்த்துத் தயங்கும் ஜனங்கள், பிறகு நம்மைத் தூணாகவே பாவித்துக் கடந்துபோவார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், தள்ளுவண்டியில் அட்டைகளைச் சேர்த்துப்போகும் ஒரு மூதாட்டி, சக்கர நாற்காலியில் தகப்பனாரைத் தள்ளிவரும் ஒரு மகன். யார் எந்த இடத்தில் வந்தால் படம் நிறைகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். இருபது நிமிஷத்தில் மூன்று தடவைக்கு மேல் அழுத்தினால் நீங்கள் போதிய அளவு காத்திருக்கவில்லை என்று பொருள்.

ஒரு முக்கியமான விலக்கு. புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் மலாய்க்காரர்களின் கல்யாணப் பந்தலும் போடுகிறார்கள், சீனர்களின் இழவுக் கூடாரமும் போடுகிறார்கள். கல்யாண வீட்டில் கேட்டால் பெரும்பாலும் உள்ளே அழைத்துச் சோறே போடுவார்கள். இழவு வீட்டின் பக்கம் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டும் போகவேண்டாம். அதேபோல, மாடித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு ஒருவருடைய வீட்டுக்குள் லென்ஸைத் திருப்புவதும் தகாது.

பிறகு யுவான் சிங் சாலையைக் கடந்து ஏரிக்கரைக்குச் செல்லலாம். 1970-களில் அமைத்த சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் நீண்ட புதுப்பிப்புக்குப் பின் 2024-இல் திறந்தன. அழகான இடந்தான், ஆனால் ஏழடுக்குக் கோபுரத்தையும் வெள்ளைப் பாலத்தையும் எடுக்கத் தொடங்கினால் நம் நடை தபாலட்டை நடையாகிவிடும். தை ச்சி பழகும் முதியவர்கள் இருந்தால் நில்லுங்கள். இல்லாவிட்டால் சீனத் தோட்ட நிலையத்தில் ரயிலேறி அடுத்த நிலையமான ஜூரோங் ஈஸ்டில் இறங்கிவிடுங்கள். அங்கே மேடைகள் உயரத்தில் இருப்பதால், வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் பிரயாணிகள் கறுப்பு உருவங்களாகத் தெரிவார்கள். கடைத்தொகுதிகளை இணைக்கும் மேல்நடைபாதையிலும் அப்படியே. சற்று நடந்தால் 1974-இல் கட்டிய ஜூரோங் நகர மன்றம் மணிக்கூண்டோடு நிற்கிறது. 2015-இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அதன் சாய்ந்த கான்கிரீட் சுவருக்கு முன்னால் ஒரே ஒரு மனிதரை வைத்துப் பாருங்கள். லோத் கற்பித்த ரேகாகணிதம் புரியும்.

சட்டமும் சிஷ்டாசாரமும்

பொது இடத்தில் படம் எடுப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. ஆனால் ஜூரோங்கில் துறைமுகமும், எண்ணெய்க் கிடங்குகளும், இரசாயன ஆலைகளும் உள்ளன. 2017-ஆம் வருஷத்திய உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட இடங்களைப் படம் எடுப்பது குற்றம். வேலியில் எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் காமிராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஜூரோங் தீவுக்கு அனுமதிச் சீட்டின்றிப் போகவே முடியாது. அதைப் பற்றி நினைக்கவேண்டாம். கடைத்தொகுதிகள் தனியார் இடங்களாதலால், காவலர் வேண்டாமென்றால் வேண்டாந்தான். கோயிலில் அலுவலகத்தில் கேட்டபின் எடுங்கள்; சந்நிதியை எடுக்காதிருப்பது எப்போதும் நலம்.

மாலை நான்கு மணிக்கு ஜூரோங் ஈஸ்டிலிருந்து ஊட்ரம் பார்க் சென்று, வடகிழக்குப் பாதைக்கு மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையில் சிராங்கூன் சாலையும் தேக்காவும் பஃப்ளோ சாலையும் நம் ஊர்த் திருவிழாபோல் ஜனங்களால் நிறைந்திருக்கும். காலையில் நீங்கள் கடந்துவந்த ஜூரோங்கின் கப்பல் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, தங்குவிடுதிகளிலிருந்து ஏழாம் நாள் வந்திருக்கும் தமிழ்த் தொழிலாளர்களும் வங்காளத் தொழிலாளர்களும் அவர்கள். புல்தரையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் ஊரிலுள்ள குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் காணும்போது, நல்ல படம் என்று கை துறுதுறுக்கும். அந்த ஒரு நாள் ஓய்வு அவருக்குச் சொந்தமானது. அவருடைய துயரத்தை நாம் திருடிக்கொண்டுபோக உரிமையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரஸ்ஸோன் கேளாமலே எடுத்தார் என்பது மெய். அவர் காலத்தில் ஒரு படம் அச்சேற வாரங்கள் ஆயின, இப்போது ஒரு நிமிஷத்தில் அது அந்தத் தொழிலாளியின் கிராமத்துக்கே போய்ச் சேரும். இந்த ஓர் இடத்தில் ஆசிரியரை விட்டு விலகுவதே தர்மம்.

ஆகவே பக்கத்தில் போய், நம் பாஷையிலேயே, “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். வயதில் இளையவரானால் தம்பி என்று அழைத்து, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள். சிவகங்கை என்பார், மன்னார்குடி என்பார், அறந்தாங்கி என்பார்; பேச்சு வளரும். முதலில் அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்பார். அந்தப் படத்தையும் எடுங்கள். அதை அவருடைய தொலைபேசிக்கு அப்போதே அனுப்புங்கள். வீட்டுக்கு அனுப்ப அவர் விரும்புவது அந்தப் படத்தைத்தான். பிறகு பேச்சு தொடரும்போது அவருடைய தோள் தளரும், கூட்டாளி ஏதோ சொல்ல அவர் திரும்புவார். நமக்கு வேண்டிய படம் அங்கே இருக்கிறது. சீன முதியவர்களை அங்கிள், ஆண்ட்டி என்றும், மலாய் முதியவர்களை பாக்சிக், மாக்சிக் என்றும் அழைத்தால் முகம் மலரும். தலையசைத்து மறுப்பவரிடம் நன்றி சொல்லி விலகுங்கள். குழந்தைகளைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கவேண்டாம். மழை வந்தால் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி நின்றே வேலையைத் தொடரலாம்.

மேஜையைச் சுற்றி

இரவு ஏழரைக்குள் ஒரு கோப்பிக்கடையில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு உட்காருங்கள். ஒவ்வொருவரும் தம் படங்களிலிருந்து ஐந்தைப் பொறுக்கவேண்டும். காலையில் எடுத்தவை மூன்று, மாலையில் எடுத்தவை இரண்டு. பொறுக்கும் வேலையை அவரவர் ஜோடி செய்யட்டும். எடுத்தவருக்கு, அந்தப் படத்துக்காகத் தாம் பட்ட சிரமம் நினைவிருக்கும். மற்றவருக்குப் படம் மட்டுமே தெரியும்.

படத்தைக் காட்டும்போது எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. முதலில் பார்ப்பவர்கள், அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லட்டும்: இடது ஓரத்தில் ஒரு கை வெட்டுப்பட்டிருக்கிறது, பின்னாலுள்ள கம்பம் தலையிலிருந்து முளைக்கிறது, இருவர் பார்வையும் ஒரே திசையில் போகிறது என்று. நன்றாக இருக்கிறது, பிரமாதம் என்ற சொற்களுக்கு இடமில்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் உபயோகமான யுக்தி. முகங்களும் கதையும் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் எப்படிச் சமன்பட்டிருக்கின்றன என்பது மட்டும் தெரியவரும். எட்டுப் பேரும் ஒரே மீன்கடையிலிருந்து கொண்டுவந்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருவர் கத்தியைப் பார்த்திருப்பார், ஒருவர் தராசை, ஒருவர் பின்னால் காத்திருந்த பாட்டியின் பொறுமையை. தம் கண்ணுக்கு எது தப்புகிறது என்பதை ஒருவர் தாமே கண்டுகொள்ள இயலாது. பக்கத்தில் இருந்தவரின் படம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

கடைசியாக, தேர்ந்த படங்களுக்குக் குறிப்பு எழுதவேண்டும். ஏகாந்தம், வாழ்க்கைப் பயணம், உழைப்பின் வியர்வை என்றெல்லாம் தலைப்புச் சூட்டாதீர்கள். பிரஸ்ஸோன் தம் படங்களுக்கு ஊரையும் வருஷத்தையும் மட்டுமே எழுதினார். மாறிக்கொண்டேயிருக்கும் ஜூரோங்குக்கு அதைவிடச் சற்று அதிகம் தேவை: புளோக் எண், சாலையின் பெயர், தேதி, மணி, சம்மதித்து நின்றவரானால் அவருக்குப் படம் அனுப்பியாயிற்றா என்ற குறிப்பு. இந்த விவரங்களை அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுவாரம் எந்தப் புளோக் என்பது மறந்துவிடும். அனுப்பாமல் விட்டுப்போன படங்களின் பட்டியலை நடைத்தலைவர் வைத்துக்கொண்டு, அடுத்த நடைக்கு முன் அவை உரியவர்களுக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளட்டும்.